இரண்டு பெட்டிகளும் இரண்டு வாக்குகளும்

கொடுத்த ஒரு வாக்கைக் காப்பாற்றவே மனிதன் படாத பாடு படுகிறான். கோவையின் கணபதிப் பகுதியில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் ரஃபீக்கின் தலையில் ஒரே பிற்பகலில் இரண்டு வாக்குகள் வந்து விழுந்தன. முழுவதும் கேட்டுவிட்டு நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

சென்னியப்பன் பம்ப்செட் பட்டறைக்காரர். முப்பத்தைந்து வருடமாக, இரும்பைக் கடையும் லேத் மெசின் இரைச்சலுக்கு நடுவே நின்று பிழைத்தவர். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "மெசின் சத்தம் கேட்டாத்தானப்பா அதுக்கு என்ன நோவுன்னு தெரியும்" என்பார். அவருடைய தம்பி குழந்தைவேலு பஜனைக் குழுவில் கஞ்சிரா வாசித்தவர், போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மிச்சமிருப்பது, குழுவினர் இணையத்தில் ஏற்றிவைத்த ஒரு மார்கழிப் பஜனையின் ஒலிப்பதிவு மட்டுந்தான். அதில் மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். குழந்தைவேலு மட்டும், தோலில் அடிக்காமல், கஞ்சிராவின் விளிம்பில் இருக்கும் சிறு காசுகளை மெல்லக் குலுக்குவார்.

அந்தக் கிலுகிலுப்பு மூன்று மாதமாகச் சென்னியப்பனுக்குக் கேட்கவில்லை.

"உனக்குக் கேக்குதா அம்மிணி?" என்று மனைவி சுலோச்சனாவிடம் கேட்டார். அந்த அம்மாள் அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கும் கேக்கலீங்க" என்றார். உடனே பழி முழுவதும் பெட்டியின் மேல் விழுந்தது. பெட்டி என்றால் ஸ்ட்ரீமர். இணையத்தில் இருக்கும் பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கிற சிறு கருவி. அவர் வீட்டில் இருந்தது மலிவான ரகம்.

"இருக்கறதுலயே ஒசந்த பெட்டியக் குடு தம்பி. அதுல அந்தச் சத்தம் வந்துருமல்ல?" என்று கடைக்கே வந்துவிட்டார்.

ரஃபீக்குக்குத் தொழில் தெரியும். மலிவான பெட்டியும் அதே பாட்டைத்தான் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து கொடுக்கிறது. ஒரு சத்தம் காணாமல் போனால் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும், அறையைப் பார்க்க வேண்டும், கேட்கிறவரையும் பார்க்க வேண்டும். எல்லாம் தெரிந்தும், கடை ஈயடித்துக்கொண்டிருந்த மாதம் பாருங்கள், வழக்கமான வசனத்தையே எடுத்துவிட்டான்: "வித்தியாசத்தை உங்க காதே சொல்லும்ணா."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் புதுப் பெட்டி வந்து இறங்கியது. கனத்த உலோக உடம்பு, நெற்றியில் நீல விளக்கு. பழைய பெட்டிக்குப் பக்கத்திலேயே அதை வைத்து, வயரைச் செருகி, கைப்பேசியில் தேடிப் பாட்டை ஓடவிட்டான் ரஃபீக். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தது. சுலோச்சனாவின் சுட்டுவிரல் நாற்காலிக் கைப்பிடியில் தானாகத் தட்டியது. ஒரு கணம் பிந்திச் சென்னியப்பனின் தலை ஆடியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மனைவியின் விரலை.

"வந்துருச்சு!" என்றார் அவர்.

"ஆமாங்க, இப்பத்தானுங்க வருது" என்றார் சுலோச்சனா. இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

ரஃபீக் கருவிப்பையை எடுக்கக் குனிந்தான். அப்போதுதான் பார்த்தான், எந்தப் பெட்டி பாட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஆம்ப்ளிஃபையரின் திருகு இன்னும் பழைய பெட்டியின் எண்ணிலேயே நின்றது. கைப்பேசியிலும் பழக்க தோஷத்தில் பழைய பெட்டியின் பெயரையே தொட்டிருந்தான். நீல விளக்கு எரிந்ததே தவிர, புதுப் பெட்டி ஒரு சொல்கூடப் பாடவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் சுலோச்சனா டீ குடிக்கச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "தம்பி, பழைய பெட்டியிலயே எனக்கு அந்தச் சத்தம் நல்லாக் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. காது போச்சுன்னு அவரு ஒடைஞ்சுருவாரேன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப அவருக்கே கேட்டுருச்சு. நாஞ்சொன்ன பொய்ய அவருகிட்டச் சொல்லீராத சாமி." கலங்கிய முகத்தைப் பார்த்து அவனும் வாக்குக் கொடுத்தான்.

வாசலுக்கு வந்தால் அங்கே சென்னியப்பன் நிற்கிறார். "எனக்கு ஒண்ணுமே கேக்கலை தம்பி. அவ வெரலப் பாத்துத் தலையாட்டுனேன். அவளுக்காவது கேட்டுச்சே. என்ற காது விசயம் தெரிஞ்சா அழுதே மாஞ்சுருவா. அவகிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது." அதற்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. "சரி, காத்தால ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போகோணும்" என்று அவர் உள்ளே திரும்பினார்.

ரஃபீக் வண்டியில் உட்கார்ந்தான், சாவியைத் திருகக் கை வரவில்லை. பேசாமல் போனால் வியாபாரம் நிலைக்கும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த மனுசர் நாளைக்கும் லேத் முன்னால் வெறுங்காதோடு நிற்பார். இன்றைக்குக் கஞ்சிராக் காசின் சத்தம் போயிற்று, நாளைக்கு மனைவியின் குரலும் போகும். உள்ளதைச் சொன்னாலோ வாக்குத் தவறியவன் ஆவான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. காதே சொல்லும் என்று தான் சொன்ன வசனத்தை நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அம்மாள் சொன்ன பொய்யை ஐயாவிடம் சொல்லக் கூடாது. ஐயாவின் காதைப் பற்றி அம்மாளிடம் சொல்லக் கூடாது. ஆனாலும் இருவருக்கும் உண்மை தெரிந்தாக வேண்டும். ரஃபீக் திரும்ப உள்ளே போய் என்ன சொன்னால் சரி?

விடை: தன் தப்பை மட்டும் சொன்னால் போதும். அதை மறைக்கச் சொல்லி யாரும் அவனிடம் வாக்கு வாங்கவில்லையே! இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ரஃபீக் சொன்னான்: "மன்னிச்சுக்கங்க. நான் திருகை மாத்தவே இல்லை. இவ்வளவு நேரம் பாடுனது உங்க பழைய பெட்டிதான்." அதே பழைய பெட்டியென்றால், கணவருக்கு இப்போதும் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்று மனைவிக்குப் புரிந்தது. மனைவிக்கு மூன்று மாதமாக அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று கணவருக்கும் புரிந்தது. யாரும் யாரையும் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது ரஃபீக்குக்கு. அவன் புதுப் பெட்டியைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினான். "நாளைக்குப் பட்டறை வேண்டாம். காது டாக்டரப் பாக்கலாம்" என்றார் சென்னியப்பன். பிறகு உள்ளங்கையை விரித்து மனைவியின் பக்கம் நீட்டினார். "அந்தப் பாட்ட மறுக்காப் போடு தம்பி. குழந்தைவேலு குலுக்கறப்ப நீ என்ற கையில தட்டு அம்மிணி." அந்த இடம் வந்ததும் சுலோச்சனா தட்டினார்.