அரசனைக் கடித்த செருப்பு

தேனாற்று நாட்டை முன்னொரு காலத்தில் மகிபாலன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மறந்துவிடுவான். அவ்வளவுதான் குறை.

முடிசூடிய அன்று காலையில் அவன் ஓர் உறுதிமொழி சொல்லி, அதைக் கல்லில் வெட்டிச் சபை வாசலில் நட்டுவைத்தான். சபைக்குள் செருப்புடன் போகக் கூடாதல்லவா? வந்தவர்கள் எல்லாரும் கல்லின் காலடியில் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். அறுந்ததை அங்கேயே விட்டுப்போனார்கள். ஏழு வருடத்தில் செருப்புக் குவியல் ஏறி எழுத்தை மூடிவிட்டது. ‘மகிபாலனாகிய யாம்’ என்ற முதல் வரி மட்டும் வெளியே தெரிந்தது. கீழே என்ன இருக்கிறது என்பது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அறுந்த செருப்பைப் பொறுக்கித் தைத்துக் கொடுக்கிற தோல் தெருக் காத்தாயி. எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

அரசனின் செருப்பைத் தைப்பவளும் அவள்தான். ஒருநாள் அரசன் சபையில், “இந்த நாட்டில் என்னைக் கடிக்காதது காத்தாயி தைத்த செருப்பு ஒன்றுதான்” என்றான். ஆசாரக் கண்காணி வச்சிரபாகுவை அந்தப் பேச்சு அப்போதே கடித்தது. ஒரு வாரத்தில் ஓர் ஓலை கொண்டுவந்தார். ‘தோல் தெருக்காரர் ராஜவீதியில் செருப்பு அணியலாகாது.’ மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அரசன் படிக்காமலே முத்திரை வைத்தான்.

அது ஆனி மாதம். ராஜவீதி கல் பாவிய தெரு, தோசைக்கல் தோற்றுப்போகும். காத்தாயியின் மூன்று வயது மகள் செல்லி, மிச்சத் தோலில் அம்மா தைத்துக் கொடுத்த குட்டிச் செருப்பைப் போட்டுக்கொண்டு அதில் நடந்தாள். காவலர்கள் அவளைத் தூக்கிச் செருப்பை உருவினார்கள்.

“ஐயா, பச்சப்புள்ளைங்க. கால் பொத்துப் போயிருங்க,” என்று ஓடிவந்தாள் காத்தாயி.

“மூன்று வயதில் செருப்பு என்றால் முப்பது வயதில் பல்லக்கா?” என்றார் அங்கே நின்ற கண்காணி. “தேர்த் திருவிழாவுக்கு அரசருக்குப் புதுச் செருப்பு வேண்டும். அதைத் தைத்துக் கொடு. தேர் நிலைக்கு வந்த மறுநாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடு.”

காத்தாயி தைத்தாள். பயத்தில் இரண்டு முறை ஊசி விரலில் ஏறியது. தைத்து முடித்ததும் கண்காணியிடம் போனாள்.

“ஐயா, புதுச் செருப்பைத் தைச்சவங்களே பத்து நாள் போட்டு நடந்து பழக்கித்தான் கொடுப்போம். எங்க தெரு மணலு. மணல்ல தோல் இளகாது, கல்லு வேணும். இதுவரைக்கும் விடியறதுக்கு முன்ன ராஜவீதியிலதாங்க நடந்து பழக்கினேன். இப்ப நடக்கலாங்களா?”

“உன் கால், ராஜவீதியில், அதுவும் செருப்போடா? கூடாது!”

“சரிங்க. அதையே ஓர் ஓலையில எழுதிக் கொடுத்துருங்க. நாளைக்கு எம்மேல பழி வரக்கூடாது பாருங்க.”

கண்காணி பெருமையாக எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

தேர் நாளில் அரசன் புதுச் செருப்புடன் ராஜவீதியில் இறங்கினான். பதினாறாவது அடியில் செருப்பு கடித்தது. இருபதாவது அடியில் கழற்றி எறிந்தான். இருபத்தோராவது அடியில் கல் சுட்டது. அரசன் குதித்தான். புதுச் சடங்கு போலிருக்கிறது என்று குடிமக்களும் குதித்தார்கள்.

மறுநாள் அரசன் எண்ணெய்க் கிண்ணத்தில் காலை வைத்தபடி சபையில் உட்கார்ந்திருந்தான். காத்தாயி செல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் கடித்தது?”

“நடந்து பழக்கலைங்க மகாராசா.”

“ஏன் பழக்கவில்லை?”

அவள் ஓலையை நீட்டினாள். அரசன் படித்தான்.

“அபசாரம்!” என்று கண்காணி முந்திக்கொண்டார். “இத்தனை வருடம் தங்கள் செருப்பை இவள் காலில் போட்டிருக்கிறாள்! இனி நானே பழக்கித் தருகிறேன் மகாராஜா.”

“ஐயா பாதம் ரொம்பப் பெரிசுங்க,” என்றாள் காத்தாயி. “மகாராசா பாதத்துக்குச் சரியா இருக்கறது எம் பாதம்தாங்க.”

அரசனின் பாதம் சிறியது என்பது அரசாங்க ரகசியம். அமைச்சர் மாறனார் கூரையைப் பார்த்தார்.

அரசன் எழுந்து வந்து, அவள் பாதத்துக்குப் பக்கத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்தான். ஒரு நெல் அளவுகூட வித்தியாசமில்லை.

“கண்காணியாரே, ஏழு வருடமாக நீர் சொல்லும் அபசாரம் என்னைக் கடிக்கவில்லை. உம்முடைய ஆசாரம்தான் கடித்தது,” என்றான். பிறகு காத்தாயியிடம், “நீ ஊரைவிட்டுப் போக வேண்டாம். நீயும் உன் மகளும் மட்டும் ராஜவீதியில் செருப்போடு நடக்கச் சலுகை தந்தேன். போ.”

எல்லாரும் வாழ்க என்றார்கள். காத்தாயி போகவில்லை.

“என்னம்மா?”

“சலுகை வேண்டாங்க.” செல்லியின் பாதத்தைக் கையில் பிடித்துக் காட்டினாள். “மகாராசா காலையில கொடுக்கறதை மத்தியானம் மறந்துருவீங்க. அப்புறம் எம்புள்ள கால் வேகும். எங்க தெருவுல இன்னும் நாப்பது புள்ளைங்க இருக்குதுங்க. வாசல்ல இருக்கற கல்லைப் படிக்கச் சொல்லுங்க. செருப்பை எடுத்துட்டுப் படிக்கணும்.”

கண்காணியே குவியலை அள்ள வேண்டியதாயிற்று. அமைச்சர் வாசித்தார். “மகிபாலனாகிய யாம், இந்நாட்டில் பிறந்த எவரையும் குலத்தாலும் தெருவாலும் பிரித்து நடத்தோம். பொதுவழி எல்லாருக்கும் பொது. இதற்கு மாறான ஆணை, எம்முடையதே ஆனாலும், செல்லாது.”

“இதை நானா எழுதினேன்?”

“ஆமாம் மகாராஜா,” என்றார் அமைச்சர். “காலையில்.”

அரசன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு தன் முத்திரை இருந்த அந்தப் பழைய ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான். காத்தாயிக்குத் தன் கழுத்து மாலையைக் கொடுத்தான். கண்காணிக்கும் ஒரு பதவி கொடுத்தான். சபைக்கு வருகிறவர்களின் செருப்பைத் தள்ளி வைத்து, கல்லை அவர்களுக்குப் படித்துக் காட்டும் பதவி. நாள் தவறாமல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரசனுக்கும் ஒரு முறை.

முதல் வேலையாகக் கண்காணி செல்லியின் செருப்பைக் கொண்டுவந்து, தாமே குனிந்து போட்டுவிடப் பார்த்தார். ஏறவில்லை. ஆனியிலிருந்து ஆவணிக்குள் பிள்ளையின் பாதம் வளர்ந்துவிட்டது.

“பரவாயில்லைங்க,” என்றாள் காத்தாயி. “வேற தைச்சுக்கறேன்.”

தைத்தாள். பத்தாம் நாள் உச்சி வெயிலில் தாயும் மகளும் ராஜவீதியில் நடந்தார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரு முடிவதற்குள் காத்தாயி நான்கு முறை திரும்பிப் பார்த்தாள்.

செல்லி ஒரு முறைகூடத் திரும்பவில்லை.