விலை கூடின பெட்ரோல்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகிற ரோட்டில், வாய்க்கால் மேட்டுக்குக் கீழே கோகிலவாணியின் கார் பட்டறை இருந்தது. ஆறுச்சாமி முப்பது வருசம் தேங்காய் நார் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். வேலையை விட்டு நின்றதும் பழைய கார் ஒன்றை வாங்கினார். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ரிப்பேரும் கொஞ்சம் கைவசம் இருக்கட்டுமே என்று கோகிலவாணியிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார்.

மருமகள் வயசுப் பெண்ணிடம் மாமனார் பாடம் படிக்கிறார் என்று எதிர் பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் சிரித்தார்கள். ஆறுச்சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாய் நிறைய "வாத்தியாரம்மா" என்றே கூப்பிட்டார். பதறிப்போனால் மட்டும் "அம்மணி" என்று வந்துவிடும்.

சேர்ந்த அன்றைக்கே அவள் ஒன்று சொல்லி வைத்திருந்தாள்.

"வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க ஐயா. வண்டிக்கு என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க."

அதை அவர் நன்றாகவே பிடித்துக்கொண்டார். பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் முன்னால் போய் நின்று அதைத்தான் கேட்பார். தன் வண்டி என்று வந்தபோது மறந்துபோனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வண்டி இரைத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றது. ஆறுச்சாமி இறங்கினார். முகம் வாடிக் கிடந்தது.

"வண்டிக்கு என்ன ஆச்சுன்னே தெரியலீங்க வாத்தியாரம்மா. சமதளத்துல போகுது. மேட்டைக் கண்டா இழுக்க மாட்டேங்குது. நாளைக்கு எம்பொண்ணைக் கோயமுத்தூருக்குப் பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவோணும்."

"அதுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒரு குறையும் வைக்கலீங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்றரை மாசமாக அந்த வண்டிக்கு விலை கூடின பெட்ரோல்தான் ஊற்றினார். பெரிய பெரிய வண்டிக்காரர்கள் வரிசையில் நின்று போடுகிற அந்தப் பெட்ரோலைப் போட்டால் இழுவை வரும் என்று பெட்ரோல் பங்கில் யாரோ சொன்னார்கள். முதல் தடவை இழுவை வரவில்லை. போதவில்லையாக்கும் என்று தொட்டி நிறைய ஊற்றினார். அப்போதும் வரவில்லை. பேருக்குக் கொஞ்சமாவது உதவுமே, அதுவும் இல்லை என்று சொல்லி மாய்ந்துபோனார்.

"அந்தப் பெட்ரோலு மோசமானதுங்களா?" என்று கேட்டார்.

"நல்ல பெட்ரோலுங்க."

"பின்ன ஏன் ஆகலை?"

கோகிலவாணி பானெட்டைத் திறந்தாள். காற்று வடிகட்டியை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தது. அவள் புருவம் ஏறியது. ஆறுச்சாமியின் வீட்டைச் சுற்றி மூன்று நார் மில். அந்தப் பக்கத்து வண்டி எதுவானாலும் வடிகட்டி செம்மண் பிடித்த மாதிரி இருக்கும்.

அவள் முன்பக்கம் கையை விட்டுக் காற்று போகிற குழாயின் வாயைத் தடவினாள். கை நின்றது. மெல்ல இழுத்தாள்.

துணி ஒன்று வந்தது. எட்டு மடிப்பாக மடித்து, சணல் போட்டு இறுக்கிக் கட்டின துணி. நார்த் தூசி அப்பி அப்பி அடை மாதிரி கெட்டித்துப் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் சேலைக்கரை கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது.

"இது யாருதுங்க ஐயா?"

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுக்காரியோட சேலைங்க."

மில்லில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அங்கேயே வேலை பார்த்த அவர் மனைவி ருக்குமணிக்கு அது பிடிக்காது. கட்டினால் பாட்டுப் பாட முடியவில்லை என்பாள். கடைசியில் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு தூசி என்றாலே அவருக்கு ஆகாது. வண்டி வாங்கின புதிதில், வடிகட்டியில் தூசி சேர்ந்ததைப் பார்த்து, புதுசு மாற்றி, மனுசருக்குக் கட்டுகிற மாதிரி இதற்கும் கட்டிவிட்டார்.

கோகிலவாணி அந்தத் துணியைத் தூக்கி எறியவில்லை. பக்கெட் தண்ணீரில் ஊறப் போட்டாள். பிறகு சீடரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க தோள் துண்டை எட்டு மடிப்பா மடிங்க. மூக்கைக் கட்டுங்க."

கட்டினார்.

"அந்த டயரை உருட்டிட்டு வாய்க்கால் மேட்டுக்குப் போங்க. நான் பின்னாலயே வர்றேன்."

வரும்போது அவள் பேக்கரியில் ஒரு பாதாம் பால் வாங்கிக்கொண்டாள். குங்குமப்பூ போட்டது. அங்கே இருக்கிறதிலேயே விலை கூடினது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். மாமனாருக்குப் பரீட்சை போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

ஆறுச்சாமி கால்வாசி மேடு ஏறினார். பாதி மேட்டில் கால் பின்னியது. துண்டு மூக்கோடு ஒட்டி ஒட்டிப் போனது. டயரை ஒரு கல்லில் சாய்த்துவிட்டு நின்றார்.

கோகிலவாணி பாதாம் பாலை நீட்டினாள்.

"குடிங்க. தெம்பு வரும்."

அவர் ஒரு கையால் வேண்டாம் என்று தள்ளினார். இன்னொரு கையால் துண்டைக் கீழே இழுத்தார். வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. வாய்க்கால் தண்ணீரின் குளிர்ந்த காற்று உள்ளே போனது.

"பாலு மோசமானதுங்களா ஐயா?" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை. அங்கேயே கரையில் உட்கார்ந்து அப்புறமாகச் சிரித்தார். பாலையும் குடித்தார்.

பட்டறைக்குத் திரும்பினதும் வடிகட்டியைப் பொருத்தி, பானெட்டை மூடி, வண்டியை எடுத்து அதே மேட்டில் ஏற்றிப் பார்த்தார். வண்டி சிணுங்காமல் ஏறியது. மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கி, இன்னொரு தடவை ஏற்றினார். கீழே வந்து நிற்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

"அப்ப அந்தப் பெட்ரோலு யாருக்குத்தானுங்க வாத்தியாரம்மா?"

"அது பொறுமையான பெட்ரோலுங்க. எவ்வளவு நெருக்கினாலும் நேரத்துக்கு முந்தித் தீப்பிடிக்காது. டர்போ வச்ச வண்டி காத்தை அமுக்கி அமுக்கி உள்ள தள்ளும். அந்த நெருக்கடிக்கு அது வேணும். உங்க வண்டி தன்பாட்டுக்கு மூச்சு விடற வண்டி. அதுக்குச் சாதாப் பெட்ரோலே போதும்."

ஆறுச்சாமி தலையாட்டினார். வண்டி சரியாகிவிட்டது, நாளைக்குப் போய்விடலாம் என்று சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது. மகளைப் பற்றி அதுவரை அவர் பட்டறையில் விவரமாகப் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினார்.

மகள் ரஞ்சனிக்கு ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. பிரசவத்துக்கு வந்தவள் இங்கேதான் இருக்கிறாள். பிள்ளை நன்றாக இருக்கிறான். சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து பார்த்துவிட்டு உடம்பில் குறை ஒன்றும் இல்லை, மனசுதான் சோர்ந்திருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பிள்ளை அழுதால் தூக்குகிறாள், பால் கொடுக்கிறாள், படுக்க வைக்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை. அப்பா என்று கூப்பிட்டே ஒரு வாரம் ஆகிறது.

அவரும் பார்க்காத வைத்தியமில்லை. பேரீச்சம்பழம், பாதாம்பருப்பு, குங்குமப்பூ, வெளிநாட்டு டப்பா மாவு. எதை வாங்கி வைத்தாலும் அப்படியே இருக்கிறது. இதைவிட நல்லதாக வேறு ஏதாவது கடையில் வந்திருக்கிறதா என்று நேற்றுக்கூட விசாரித்தார்.

"நீயும் ரெண்டு பிள்ளை பெத்தவதானே. எம்பொண்ணுக்கு என்ன ஆச்சு அம்மணி?"

கோகிலவாணி பக்கெட் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஊறின துணியை அலசினாள். தண்ணீர் பழுப்பாக ஓடியது. மறுபடி அலசினாள். கரையின் நீலம் முழுசாக வெளியே வந்தது. பிழிந்து, உதறி, அவர் கையில் கொடுத்தாள்.

"டாக்டர்கிட்டக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும்."

"சரிங்க."

"அவளுக்கு என்ன செஞ்சீங்க ஐயா?"

"ஒரு குறையும்…"

கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

அவள் அறைச் சன்னல் மூன்றுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஆணி அடித்தது அவர் கைதான். கதவிடுக்கில் பழந்துணி திணித்ததும் அவர்தான். பார்க்க வந்த சிநேகிதப் பெண்கள் இரண்டு பேரை, மில் தூசியோடு வருகிறார்கள் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். ஒரு வாரத்துக்கு முன்னால் அவள் கடைசியாகக் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் வாசல்ல வந்து உக்காந்துக்கட்டுமாப்பா என்று கேட்டாள். காத்து ஆகாது சாமி, உள்ளேயே இரு என்று சொல்லிவிட்டு, பாதாம்பருப்பு வாங்கக் கடைக்குப் போனார்.

கோகிலவாணி பக்கெட்டில் இருந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டினாள்.

ஆறுச்சாமி அந்த ஈரத்துணியை நாலாக மடிக்கப் போனவர், மடிக்காமல் விரித்துப் பின்சீட்டின் மேல் காயப் போட்டார். சொல்லிக்கொள்ளாமலே வண்டியில் ஏறினார்.

நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.