எந்த ஊரும் ஏற்காத சொல்

முன்னொரு காலத்தில், கடல் தாண்டிப் பிரான்சு தேசத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் தலையில் தூக்கி வைத்த ஆளைச் சாயங்காலம் பொத்தென்று போட்டுவிடுவார். கடைசியாக யார் காதைக் கடித்தாரோ அவர் சொன்னதே வேதம்.

அவருடைய அரண்மனை வாசலைக் காத்தது வெள்ளை அங்கி போட்ட ஒரு படை. அதன் தலைவர் அலேன் கினார். வம்சம் ஸ்காட்லாந்துப் பிரபு வம்சம். முப்பாட்டனார் கப்பலேறி வரும்போது பெயர் கின்னெய்ர்ட். பிரெஞ்சுக்காரர் வாயில் உருண்டு உருண்டு அது கினார் ஆகிவிட்டது. முப்பாட்டனார், பாட்டனார், அப்பா மூவரும் அந்த வெள்ளை அங்கியோடுதான் மண்ணுக்குள் போனார்கள்.

தினமும் காலையில் வாசலில் பெயர் கூப்பிடுவது வழக்கம். நம் பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" என்போமே, அந்த மாதிரி அங்கே ஒவ்வொருவரும் "ஹாமீர்!" என்று ஒரு அதட்டுப் போடுவார்கள். 'இதோ இருக்கிறேன்' என்று ஸ்காட்லாந்திலிருந்து வந்த அவர்களுடைய முன்னோர்கள் தங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னது அது. கினாருக்கு அந்தப் பாஷையில் தெரிந்ததே அந்த ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே ராஜசபையில் இருந்த பொஸ்ஸாக் என்ற பிரபுவுக்கு வயிறு எரியும். வாசல் சாவி தன் மருமகன் இடுப்பில் தொங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒருநாள் சபையில் மெல்லத் திரியைக் கொளுத்தினார்.

"மகாராஜா! தங்கள் வாசலில் தங்கள் பாஷைக்கே இடமில்லை. வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாக இருக்கிறது. நாக்கு ஒரு தேசத்திலும் கால் ஒரு தேசத்திலும் இருப்பவனை நம்பிக் கண்மூடித் தூங்கலாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "கினார்! நாளை முதல் நம் பாஷையில் பதில் சொல். முடியாதென்றால் படையைக் கலைத்துவிடுகிறேன். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பு."

கினாருக்குக் காது மடல் சிவந்தது. மண்டி போட வேண்டிய இடத்தில் நிமிர்ந்து நின்றார்.

"அங்கியைக் கழற்றலாம், மகாராஜா. நாக்கைக் கழற்ற முடியாது."

"என்ன திமிர் பாருங்கள்!" என்றார் பொஸ்ஸாக்.

கினார் யோசித்தார். முந்தின நாள் ஸ்காட்லாந்து ராஜாவின் தூதர் கல்யாணப் பேச்சுக்காக அரண்மனைக்குள் நுழைந்தபோது வாசலில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூதர் நின்று, முகத்தைச் சுளித்து, துபாஷியிடம் என்னவோ கேட்டார். துபாஷி கையை விரித்தார். அதைக் கினார் பார்த்திருந்தார்.

"மகாராஜா, ஒரு பந்தயம். இது அந்நிய தேசத்துச் சொல் என்கிறார் பிரபு. அந்தத் தேசத்துத் தூதரையே கூப்பிடுங்கள். முன்கூட்டி யாரும் அவரிடம் வாய் திறக்கக் கூடாது. இது ஸ்காட்லாந்துச் சொல் என்று அவர் ஒப்புக்கொண்டால், இங்கேயே அங்கியைக் கழற்றிப் பிரபுவின் காலடியில் போடுகிறேன்."

பொஸ்ஸாக் தொடையைத் தட்டிச் சிரித்தார். "தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறான்! கூப்பிடுங்கள், கூப்பிடுங்கள்!"

செம்பட்டைத் தாடியோடு தூதர் வந்தார். ராஜா கண் காட்டினார். கினார் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "ஹாமீர்!" என்றார்.

தூதர் இரண்டடி பின்வாங்கி, துபாஷியின் காதில் படபடவென்று பேசினார். துபாஷி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மகாராஜா, தூதர் கேட்கிறார்... இந்தப் பிரெஞ்சுக்காரருக்கு என்மேல் ஏன் இவ்வளவு கோபம்?"

சபை குலுங்கியது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அது உங்கள் ஊர்ச் சொல் இல்லையா?" என்றார்.

"எங்கள் ஊரில் ஆடு விரட்டக்கூட அப்படிக் கத்த மாட்டோம். சுத்தமான பிரெஞ்சு!"

"பிரெஞ்சா! ஐயையோ, இல்லவே இல்லை!" என்று அலறினார் பொஸ்ஸாக்.

கினார் ஓரடி முன்னால் வந்தார். "கேட்டீர்களா, மகாராஜா? பிரபு இது ஸ்காட்லாந்துச் சொல் என்கிறார். தூதர் இது பிரெஞ்சுச் சொல் என்கிறார். அப்படியென்றால் இந்தச் சொல்லுக்கு ஊர் எது? தங்கள் வாசற்படிதான். நாலு தலைமுறையாகத் தங்கள் வம்சத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இப்படித் தேய்ந்திருக்கிறது. நாங்களும் அப்படித்தான். துரத்தினால் நாங்கள் போக வேறு தேசம் கிடையாது. ஆற்றங்கரைச் சண்டையில் குதிரை விழுந்து, தாங்கள் சேற்றில் கிடந்து 'யாராவது இருக்கிறீர்களா?' என்று கூப்பிட்டீர்களே, அன்றைக்கு எந்தப் பாஷையில் பதில் வந்தது?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. மெதுவாகத் திரும்பினார். "பொஸ்ஸாக், அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?"

"அக்கரையில், மகாராஜா... இலக்கணப் பிழையில்லாமல் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன்."

"ரொம்ப நல்லது. நாளைக் காலை வெள்ளை அங்கி போட்டு வாசலில் கடைசி ஆளாக நில்லும். பெயர் கூப்பிட்டால் அந்தச் சொல்லால்தான் பதில் சொல்ல வேண்டும்."

மறுநாள் காலை பெயர் கூப்பிட ராஜாவே வந்துவிட்டார். வரிசையாக "ஹாமீர்! ஹாமீர்!" என்று முழங்க, கூரைப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. கடைசியில், "பொஸ்ஸாக்!"

"ஹா... ஹா... ஹாம்..."

"தள்ளி நில்லுங்கள், மகாராஜா," என்றார் கினார். "பிரபு தும்மப் போகிறார்."

சிரிப்பு அடங்கியதும், ராஜாவுக்குப் பழைய குறும்பு திரும்பியது. கினாரின் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி. எனக்காக ஒரே ஒரு தரம், என் ஆசைக்கு, நம் பாஷையில் பதில் சொல்லேன்?"

கினார் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது கண்ணில் அதே பழைய முறைப்பு.

"என் பெயரைக் கூப்பிடும்போது எவனாவது பிரெஞ்சில் பதில் சொன்னால் கதவைத் திறந்துவிடாதீர்கள், மகாராஜா. அது நானாக இருக்காது."