பூட்டை உடைத்த சட்டம்

வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்தவர் சூசைநாதன். அங்கே அறநெறிப் பாடம் நடத்திய சிஸ்டர் செசிலி அவரைவிட வயதில் சின்னவர். இருவருக்கும் வகுப்பில் ஓயாத வாக்குவாதம்.

"நன்மை தீமையைக் கடவுள் எல்லார் மனசிலயும் எழுதியிருக்கார்ங்கிறீங்க. மனுஷ புத்திதான் பாவத்துல கெட்டுப்போச்சே சிஸ்டர்! அதுல எழுதினதை எவன் வாசிப்பான்?"

"வாசிக்கிறவனைப் பாத்தா காட்டுறேன்" என்றார் சிஸ்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்த இருவரும் வழக்கமாகப் போகும் ஊருக்குப் போனார்கள். நல்ல மழை. கீழத்தெரு அந்தோணியம்மா இறந்துபோயிருந்தாள்.

அங்கே கல்லறைத் தோட்டத்தின் பெரிய வாசல் மேலத்தெருக்காரர்களுக்கு மட்டும். கீழத்தெருச் சவம் ஓடையைக் கடந்து பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். ஓடையில் ஆளை இழுக்கும் வெள்ளம். பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மகன் மிக்கேலும் உறவினரும் பெரிய வாசலில் வந்து நின்றார்கள். பூட்டியிருந்தது. பங்குச்சாமியார் பயந்துபோய்க் கோயிலுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

"ஊர்க் கட்டுப்பாடு. திறக்க முடியாது" என்றார் மேலத்தெருத் தலைவர் கபிரியேல். சாவி அவரிடம்தான் இருந்தது.

சவத்தோடு வந்திருந்த சூசைநாதன் சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அநியாயம்தான். ஆனா மீற நமக்கு அதிகாரம் இல்ல. சாமியாருக்கும் மேல இருக்கிற ஆயருக்கு மனு போடலாம்."

"அதுவரைக்கும் பெட்டி?"

பதிலுக்குக் காத்திராமல் சிஸ்டர் கபிரியேலின் எதிரில் போய் நின்றார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்தப் பெட்டியில இருக்கிறது உங்க அம்மா, சாவி மிக்கேல் கையில இருக்குன்னு வைங்க. அவன் என்ன செய்யணும்?"

கபிரியேல் வாயைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். மிக்கேலின் நனைந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சாவியை மட்டும் எடுக்கவில்லை.

சிஸ்டர் குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்தார். சூசைநாதன் பாய்ந்து அதைப் பிடுங்கினார். தடுக்கத்தான் பிடுங்கினார். ஆனால், கல் கைக்கு வந்ததும் அவர் பார்வை பெட்டியின்மேல் விழுந்தது. திரும்பி, பூட்டின்மேல் ஓங்கி அடித்தார். அது தெறித்து விழும்வரை அடித்தார்.

பெட்டி பெரிய வாசல் வழியாக உள்ளே போனது.

"ரெண்டு பேரையும் ஆயர் முன்னால நிறுத்தாம விடமாட்டேன்!" கபிரியேல் கத்தினார். "எந்தச் சட்டத்துல உடைச்சீங்கன்னு அவர் கேப்பார். வக்கீலய்யா என்ன சொல்லப்போறீங்க?"

கல்லைக் கீழே போடாமல் நின்றார் சூசைநாதன்.

சிஸ்டர் முன்னால் வந்தார்.

"தாராளமா கூப்பிடுங்க, வர்றோம். எங்களுக்குச் சாட்சி நீங்கதான். நான் கேட்டதும் தலை குனிஞ்சீங்களே, உள்ளுக்குள்ள எதை வாசிச்சீங்கன்னு ஆயர்கிட்ட நீங்களே சொல்லுங்க."