கண் திறக்கிற வேலை

எங்க டீச்சருக்கு வயசு இருபத்தாறு. படிக்கிற நாங்க ஏழு பேரும் அவங்களைவிட மூத்தவங்க. டீச்சர் பேரு பர்கத் நிஷா. பட்டுக்கோட்டையில ஒரு மருந்துக்கடை மாடியில, வீட்டுல இருந்தபடியே கம்ப்யூட்டர்ல வெளியூர் வேலை எடுத்துச் செய்யிறது எப்படின்னு சொல்லிக் குடுக்குறாங்க. எல்லாம் நல்லாச் சொல்லுவாங்க. ஆனா ஒரு கேள்வி கேட்டா நேரா பதில் வராது. எனக்கு அதுல கோபம் வரும். பதிலைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே!

எங்கள்ல வேலை சுத்தம்னா அது மங்கையர்க்கரசிதான். பழைய போட்டோவைச் சரிபண்ற வேலை. அதுலயும் கண் திறக்கிற வேலை. அந்தக் காலத்துல பல பேருக்குப் போட்டோன்னு இருந்தா, செத்த அன்னைக்கு நாற்காலியில உட்கார வச்சு எடுத்த ஒண்ணுதான் இருக்கும். கண்ணு மூடியிருக்கும். அதை அனுப்பி, "எங்க தாத்தா கண்ணைத் திறந்து குடுங்க"ன்னு வெளிநாட்டுல இருந்தெல்லாம் கேப்பாங்க. பேரன் கண்ணை எடுத்துத் தாத்தாவுக்கு வைப்பா மங்கை. தாத்தா நம்மளையே பாப்பார். அவ அந்த வேலை செய்யிறப்ப நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

வேலை மங்கையோடது. பேரு அவ புருஷன் தனபாலனோடது.

தொழிலை ஆரம்பிச்சவர் அவர்தான். போன பங்குனியில மாரடைப்புல போயிட்டார். அவர் பேருக்கு, வேலை பிடிச்சுக் குடுக்குற இணையதளத்துல நானூறு பேர் குடுத்த அஞ்சு நட்சத்திரம் இருக்கு. மங்கை தன் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சு அறுபது வேலைக்கு மனுப் போட்டுப் பாத்தா. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. அதனால அவர் பேருக்குள்ளயே போய் உட்கார்ந்துக்கிட்டா. அடுப்பை அணைச்சுட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தா அவ தனபாலன். "மிக்க நன்றி சார், தனபாலன்"னு எழுதுவா. வெளியில யாருக்கும் அந்த மனுஷன் செத்ததே தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூச்சு வாங்க மாடியேறி வந்தா.

"டீச்சர், பினாங்குல ஒரு அம்மா, முன்னாடி மாமனார் படத்துக்குக் கண்ணு திறந்து வாங்கினவங்க. முந்நூறு போட்டோ. ஒரு வருஷத்துக்கு வேலை. புள்ளை படிப்பு தப்பிச்சுது."

"சந்தோஷம்க்கா."

"வியாழக்கிழமை மூணு மணிக்கு வீடியோவுல கூப்பிடுறாங்களாம். தனபாலனை நேர்ல பாத்துப் பேசிட்டுத்தான் குடுப்பாங்களாம்."

டீச்சர் கையில இருந்த பேனாவைக் கீழ வச்சாங்க.

"முகத்துக்கு எங்க போவீங்க?"

"கொண்டாந்திருக்கேன்," என்றா மங்கை.

லேப்டாப்பைத் திறந்து வச்சா. திரையில தனபாலன் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை. பின்னால வெறும் சுவரு. மூச்சு விடுற மாதிரி தோள் ஏறி இறங்குச்சு. ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினார். எனக்குப் பக்கத்துல இருந்த ஜோதிமணி "அம்மாடி"ன்னு நாற்காலியைப் பின்னால இழுத்துக்கிட்டா.

"நான் டைப் பண்ணினா அவர் பேசுவார். குரல் அவரோடதுதான், வாட்ஸ்அப்ல அவர் பேசி அனுப்பினதெல்லாம் வச்சிருந்தேன். உதடுதான் சில சமயம் பிந்துற மாதிரி இருக்கு. அதை எப்படிச் சரிபண்றதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

டீச்சர் திரைகிட்ட குனிஞ்சாங்க.

"இது எந்தப் படம்?"

மங்கை தலையைக் குனிஞ்சா. "அவர் ஊரையெல்லாம் போட்டோ எடுத்தார், அவரை யாரு எடுத்தா? கல்யாண ஆல்பத்துல மீசை முளைக்காத பையனா இருக்கார். கடைசியா, தூக்குறதுக்கு முன்னாடி எடுத்ததுதான் இது."

"அப்ப கண்ணு?"

"என்னோடது."

திரையில அவர் மறுபடி சிமிட்டினார். அதுக்கப்புறம் எனக்கு அது அவ சிமிட்டுற மாதிரியே தெரிஞ்சுது.

டீச்சர் எழுந்து போய் இன்னொரு கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தாங்க.

"நீங்க பின்கட்டு ரூம்ல போய் உட்காருங்கக்கா. நான்தான் பினாங்கு அம்மா. கூப்பிடுறேன். அவர் பேசட்டும். உதடு எங்க பிந்துதுன்னு பாப்போம்."

மங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு உள்ள போனா. கதவைச் சாத்திக்கிட்டா. டீச்சரோட திரையில தனபாலன் வந்தார். நாங்க ஆறு பேரும் டீச்சர் முதுகுக்குப் பின்னால கூடிட்டோம்.

"வணக்கம் தனபாலன்."

உள்ளருந்து தடதடன்னு டைப் அடிக்கிற சத்தம். அப்புறம் அவர் வாயைத் திறந்தார்.

"வணக்கம்மா. நல்லாருக்கீங்களா?"

அதே கரகரப்பு. எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்து 'கொஞ்சம் சிரிங்க'ன்னு சொன்ன அதே குரல். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறீங்க?"

"இருபது வருஷமாச்சும்மா."

"எங்க மாமனார் படத்துக்குக் கண்ணு திறந்து குடுத்தது யாரு? ரொம்ப உயிரா இருந்துச்சு."

"நான்தாம்மா."

"கூடமாட யாராவது ஒத்தாசைக்கு இருக்காங்களா?"

"யாரும் இல்லைம்மா. நான் ஒருத்தன்தான்."

உதடு நல்லாவே ஒட்டுச்சு. டீச்சர் சாதாரணமா, வெத்தலை பாக்கு வாங்குறவங்க மாதிரி அடுத்ததைக் கேட்டாங்க.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

டைப் சத்தம் வரலை. தனபாலன் சும்மா இருந்தார். தோள் ஏறி இறங்குச்சு. சிமிட்டினார். அப்புறம் உள்ள மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, தட்டுற சத்தம் கேட்டுச்சு.

"என் மனைவி போன வருஷம் இறந்துட்டாம்மா," என்றார் தனபாலன்.

ஜோதிமணி என் கையை நகம் பதியப் பிடிச்சா. டீச்சர் மட்டும் அசையலை.

"அடடா. அவங்க பேரு?"

"மங்கையர்க்கரசி."

டீச்சர் எழுந்து போய் உள்ரூம் கதவைத் திறந்தாங்க. மங்கை விரலைக் கீபோர்டு மேலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. முகம் வெளிறிக் கிடந்துச்சு.

"என்னக்கா இது?"

"அவர் போனப்ப பதினாறு நாள் வேலை நின்னுபோச்சு டீச்சர். என்னாச்சு என்னாச்சுன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. நான் செத்துட்டேன்னு அவரே எப்படி எழுதுவார்? வீட்டுல ஒரு சாவுன்னு எழுதினேன். யாருன்னு கேட்டாங்க."

"யாரையாவது தூரத்துச் சொந்தம்னு சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குப் பதினாறு நாளா? மாமியார் உசுரோட இருக்கு, எப்படி வாய் வரும்? புள்ளை பேரைச் சொல்ல முடியுமா? மிச்சம் நான்தானே இருந்தேன்." முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "பினாங்கு அம்மா எனக்காகக் கோயில்ல மோட்ச விளக்குப் போட்டாங்களாம். போட்டோ எடுத்து அனுப்பினாங்க. விளக்குக்குக் கீழ என் பேரு எழுதியிருந்துச்சு. நான் 'நன்றிம்மா, தனபாலன்'னு பதில் போட்டேன்."

அவ மடியில இருந்த லேப்டாப்புல அவர் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தார்.

"அதை மூடுடி," என்றேன் நான். தாங்கலை எனக்கு.

மங்கை மூடலை. என்னை ஒரு முறை முறைச்சா. பொழைப்புன்னு வந்துட்டா அவ பிடிவாதக்காரி. அறுபது மனுப் போட்டு ஒருத்தன் சீண்டாத வலி அவளுக்குத்தானே தெரியும். டீச்சரைப் பாத்து நிமிர்ந்து உட்கார்ந்தா.

"உதடு ஒட்டுச்சா டீச்சர்?"

"ஒட்டுச்சு."

"குரலு?"

"அவரேதான்."

"பாத்தா சந்தேகம் வருமா?"

"வராதுக்கா. எனக்கே வரலை."

"அப்ப வியாழக்கிழமைக்கு எல்லாம் தயார். வேற என்ன பாக்கி இருக்குன்னு சொல்லுங்க, நாளைக்கே முடிச்சிடுறேன்."

டீச்சர் அவ பக்கத்துல உட்கார்ந்தாங்க. நெத்தியில விழுந்திருந்த அவ முடியை ஒதுக்கிவிட்டாங்க.

"உங்க போட்டோ நல்லதா ஒண்ணு கொண்டாங்கக்கா. மாலை நான் வாங்கிட்டு வந்துடுறேன்."