எட்டாம் நாள்

முதலாவது, உப்பள வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள், சங்கக் குழு பதுங்கியிருந்த பனங்காட்டை அவன் முதலாளிக்குக் காட்டிக் கொடுத்தான்.

இரண்டாவது, பத்தாம் நாள் காலை போலீஸ் வந்து பதினான்கு பேரைப் பிடித்துப் போனது.

மூன்றாவது, அதே பத்தாம் நாள் மத்தியானம், உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் உப்புப் பாத்தியில் வேலைக்கு இறங்கினான். அவனைப் பார்த்து முப்பது பேர் இறங்கினார்கள்.

நான்காவது, இருபத்திரண்டாம் நாள் வேலைநிறுத்தம் முறிந்தது.

ஐந்தாவது, அந்த ஆவணியிலேயே அவன் கங்காணி ஆனான்.

ஆறாவது, போன தை மாதம் அவன் தன் வீட்டில், தன் கட்டிலில், மகன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் செத்தான்.

தங்கப்பழம் நோட்டை மூடினார்.

“ஆறாவதும் குற்றந்தானா அண்ணாச்சி?” என்று கேட்டாள் அண்ணாவி.

“அதுதாம்மா பெரிய குற்றம். எங்க பதினாலு பேர்ல ஒருத்தனுக்கும் அப்படி ஒரு சாவு வாய்க்கல. மிச்சம் இருக்கது நான் ஒருத்தன்.”

அந்தக் கடற்கரையில் நாடகம் சொல்லிக் கொடுப்பவரை அண்ணாவி என்பார்கள். அமலோற்பவத்தின் அப்பா அண்ணாவியாக இருந்தார். அவருக்குப் பின் மகள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பொம்பளை அண்ணாவியா என்று முதல் வருடம் கேட்டார்கள். கேட்டவர்களே அடுத்த வருடம் வேஷம் கேட்டு வந்தார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

தங்கப்பழத்துக்கு அறுபத்தெட்டு. உப்பளச் சங்கத்தின் பழைய செயலாளர். படித்தது ஐந்தாம் வகுப்பும் சில நூறு துண்டறிக்கைகளும். அவர் பேசி முடித்த கூட்டத்தில் வேறு யாரும் பேசத் துணிந்ததில்லை.

அன்றைக்கு அவர் அமலோற்பவத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“இதை நாடகமா எழுதியிருக்கேன். வைகாசியில மேடை ஏறணும். என்னைச் சீடனா வச்சுக்கிடுங்க.”

“நாடகம் எதுக்கு? நோட்டீஸ் போடலாமே.”

“போட்டேன். அவன் மகன் பலசரக்குக் கடை வச்சிருக்கான். அந்த நோட்டீஸ்லதான் பொட்டலம் கட்டுதான். என் பேத்தியே அதுல கடுகு வாங்கிட்டு வாரா.”

அண்ணாவி சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நான் போய்ட்டா அவன் நல்ல மனுஷன்னு ஊரு முடிவு கட்டிரும்மா. இப்பவே பாதி கட்டியாச்சு.”

அவள் நோட்டை வாங்கி அங்கேயே படித்தாள். கடைசிப் பக்கம் வரைக்கும் தலை நிமிரவில்லை.

“தலைவர்னு ஒருத்தர். முதலாளின்னு ஒருத்தன். துரோகின்னு ஒருத்தன். ஒருத்தருக்கும் பேரு இல்லையே.”

“அவன் பேரை நான் வாயால சொல்லி முப்பத்தொரு வருஷம் ஆச்சு. இனியும் சொல்லமாட்டேன். எழுதவும் மாட்டேன்.”

“சரி. இதுல யாராவது சாப்பிடுதாவளா?”

“இது போராட்ட நாடகம்.”

“தெரியுது. இருபத்திரண்டு நாள் நடக்கு. ஒருத்தர் வாயிலயும் ஒரு பருக்கை போகல.”

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாளைக்கு வாங்க. துரோகியை நடக்கவிட்டுப் பாப்போம்.”

*

துரோகி வேஷம் பவுல்ராஜுக்கு. காலையில் மீன் ஏலம் கூறுகிறவன். குரல் அரை மைலுக்குக் கேட்கும்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவன் நடுவில் வந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“போவே. போய்க் காட்டிக் கொடு,” என்றார் தங்கப்பழம்.

“கொடுக்கேன் அண்ணாச்சி. ஏன் கொடுக்கேன்னு சொல்லுங்க.”

“நீ துரோகி. அதான்.”

“அதுக்கு முந்தின நாளு நான் யாரு?”

“முந்தின நாளும் துரோகிதான்.”

“அதுக்கும் முந்தின நாளு?”

“உனக்கு அதெல்லாம் எதுக்கு?”

“இல்ல, தொட்டில்லயே காட்டிக் கொடுத்தேனான்னு தெரிஞ்சுக்கிடலாம்னு கேக்கேன்.”

கொட்டகை சிரித்தது. தங்கப்பழத்தின் காது சிவந்தது. போலீஸ்காரன் கூட அவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

“எந்தப் பக்கம் இருந்து வரட்டும் அண்ணாவி?” என்றான் பவுல்ராஜ்.

“வீட்டுல இருந்து வா.”

“வீடு எங்க இருக்கு?”

அண்ணாவி தங்கப்பழத்தைப் பார்த்தாள். தங்கப்பழம் நோட்டைப் புரட்டினார். நோட்டில் மேடை இருந்தது, பாத்தி இருந்தது, சிறை இருந்தது, கொடி இருந்தது.

“இன்னைக்கு ஒத்திகை போதும்,” என்றாள் அண்ணாவி.

எல்லோரும் போனபின் கேட்டாள்.

“அவரு வீட்டுல இப்ப யாரு இருக்கா?”

“பொண்டாட்டி.”

“போய்ப் பாத்துட்டு வாங்க.”

“அந்தத் தெருவுல நான் கால் வச்சே முப்பத்தொரு வருஷம் ஆகுது.”

“அதான் நாடகத்துல வீடு இல்ல.”

“உங்ககிட்ட நாடகம் படிக்க வந்தேன். சமாதானம் பேச வரல.”

தங்கப்பழம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

ஐந்து நாள் கழித்து வந்தார்.

“வேற ஒரு அண்ணாவியப் போய்ப் பாத்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“துரோகிக்கு முறுக்கு மீசை வச்சு, கண்ணுக்கு மை தீட்டிவிட்டா ஜனங்க பாத்ததும் புரிஞ்சுக்கிடும்னாரு.”

“நல்ல யோசனைதானே. செய்யலாமே.”

தங்கப்பழம் நோட்டைப் பிரித்தார், மூடினார்.

“அவனுக்கு மீசை கிடையாது,” என்றார்.

அண்ணாவி எழுந்தாள். வாசலுக்குப் போனாள். அங்கே கிடந்த அவருடைய செருப்பை எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

*

அவன் வீட்டு வாசலில் அவன் மனைவி முப்பிடாதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவரை அடையாளம் தெரிய அவளுக்கு நேரம் ஆகவில்லை.

“வாங்க அண்ணாச்சி. உக்காருங்க. காப்பி குடிக்கியளா?”

“வேண்டாம்.”

அவர் உட்காரவும் இல்லை.

“நாடகம் ஒண்ணு எழுதுதேன். அதுக்குக் கேக்கேன். ஒன்பதாம் நாள் உன் புருஷன் என்ன செஞ்சான்?”

“ஒன்பதாம் நாளா? அதை அவுககிட்டல்லா கேக்கணும். எனக்குத் தெரிஞ்சது எட்டாம் நாளுதான்.”

“எட்டாம் நாள் ஒண்ணும் நடக்கல.”

“உங்களுக்கு நடக்கல அண்ணாச்சி.”

கீரைக் காம்பை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

“மூத்தவனுக்கு ரெண்டரை வயசு. காய்ச்சல் தலைக்கு ஏறி வலிப்பு வந்துட்டு. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் அவுக மறியலுக்கு வரல. பிள்ளைய மடியில போட்டுகிட்டு, ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டுகிட்டு இருந்தாவ. வீட்டுல நொய்யரிசி கூட இல்ல. நான் தூக்குச்சட்டிய எடுத்துகிட்டுக் கஞ்சித் தொட்டிக்கு வந்தேன்.”

வேலைநிறுத்த நாட்களில் சங்கமே அடுப்பு மூட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றும். அந்த இடத்துக்குக் கஞ்சித் தொட்டி என்று பெயர். அங்கே பொறுப்பாக நின்றவர் செயலாளர்.

“கஞ்சி கிடைச்சுதா?” என்று கேட்டார் தங்கப்பழம்.

முப்பிடாதி கீரையைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்டயா கேக்கிய?”

தங்கப்பழம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“வீட்டுக்குப் போய் அவுககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மறுநாள் முதலாளி ஜீப்புல பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போச்சு.”

சொல்லிவிட்டு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள்.

*

“என்ன சொன்னாவ?” என்றாள் அண்ணாவி.

“பிள்ளைக்குக் காய்ச்சல்னா. கஞ்சி கிடைக்கலன்னா.”

“எழுதுங்க.”

“விதி சரியான விதி. மறியலுக்கு வராதவன் வீட்டுக்குக் கஞ்சி கிடையாது. நாலு அண்டா கஞ்சி, முந்நூறு குடும்பம். ஒருத்தனுக்கு விட்டுக் கொடுத்தா, மறுநாள் நூறு வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.”

“நான் தப்புன்னு சொல்லலையே.”

“உங்க மூஞ்சி சொல்லுது.”

“சரின்னே எழுதுங்க அண்ணாச்சி. அந்த ஆளு சரியாத்தான் பேசணும். சரியாப் பேசலன்னா அந்த வேஷம் எடுபடாது.”

தங்கப்பழம் அவளை முறைத்துப் பார்த்தார். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

“காட்டிக் கொடுத்தது கொடுத்ததுதான்,” என்றார்.

“ஆமா.”

“அதுல மாத்தம் இல்ல.”

“இல்ல. எழுதுங்க.”

நான்கு நாள் எழுதினார். துரோகிக்கு வீடு வந்தது. வீட்டில் பாய் வந்தது, பிள்ளை வந்தது, ஈரத்துணி வந்தது. பவுல்ராஜ் படித்துப் பார்த்துவிட்டு, “இப்ப எனக்கு எங்கிருந்து வரணும்னு தெரியுது அண்ணாச்சி,” என்றான். அதற்கு மேல் கேலி பேசவில்லை.

துரோகி என்ற சொல்லை மட்டும் அவர் அடிக்கவில்லை. அதன் இடத்தில் பெயரும் எழுதவில்லை.

*

அமலோற்பவத்தின் அப்பா காலத்திலிருந்து அந்தக் கொட்டகையில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. புது நாடகத்தின் முதல் முழு ஒத்திகைக்கு ஊரில் நான்கு பேரைச் சாட்சியாக உட்கார வைப்பார்கள். அவர்கள் காதில் விழுந்த வசனத்தை அப்புறம் மாற்றக் கூடாது. அது ஒன்று. நாடகத்தில் கடினமான வேஷத்தை அன்றைக்கு மட்டும் எழுதியவரே ஆட வேண்டும். அது இன்னொன்று.

சாட்சிக்கு மீன் விற்றுவிட்டு வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்தார். பழைய உப்பளத் தொழிலாளி ஒருவர், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“துரோகியை நான் ஆட மாட்டேன்,” என்றார் தங்கப்பழம்.

“யாரு ஆடச் சொன்னா? அது லேசான வேஷம். பவுல்ராஜ் பாத்துக்கிடுவான்,” என்றாள் அண்ணாவி. “நீங்க செயலாளர். கஞ்சித் தொட்டியில நில்லுங்க.”

அண்டா ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். தங்கப்பழம் அதன் பின்னால் போய் நின்றார். துணைக்கு நாலு பேர் வரிசை கட்டினார்கள். ஐந்தாவதாக ஜெபமாலை வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். முப்பிடாதி வேஷம் அவளுக்கு. கையில் தூக்குச்சட்டி.

“மறியலுக்கு வராதவன் வீட்டுக்குக் கஞ்சி இல்லை!” என்றார் தங்கப்பழம். குரலில் அந்தக் காலத்துக் கணீர் அப்படியே இருந்தது. “அடுத்து!”

பெண் போகிறாள் என்று நோட்டில் எழுதியிருந்தது.

ஜெபமாலை போகவில்லை.

“போம்மா,” என்றார்.

“எப்படிப் போவேன்?”

“கஞ்சி இல்லன்னு சொல்லியாச்சு.”

“சொன்னிய. அதுக்கு நான் கெஞ்சுவேன். கால்ல விழுவேன். வீட்டுல பிள்ளைக்கு வலிப்பு. ஒரு அகப்பை ஊத்துற வரைக்கும் இங்கதான் கிடப்பேன். நான் தினமும் நூத்தம்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுதேன் அண்ணாச்சி. இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னதும் சட்டியத் தூக்கிட்டுத் திரும்புற தாய நான் பாத்ததில்ல.”

அண்ணாவியைப் பார்த்தாள்.

“என் கால் நகரல அண்ணாவி.”

அண்ணாவி தங்கப்பழத்திடம் கேட்டாள்.

“அன்னைக்கு அவுக எப்படித் திரும்பிப் போனாவ?”

“எழுதினதை ஆடச் சொல்லுங்க.”

“எழுதினதுல ஒரு வரி குறையுது.”

கொட்டகையில் யாரும் அசையவில்லை. சுவரில் சாய்ந்திருந்த பழைய தொழிலாளி மட்டும் நீட்டிய காலை மெல்ல மடக்கிக்கொண்டார். அவர் அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவர்.

தங்கப்பழம் அவரைப் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்த அண்டாவைப் பார்த்தார்.

“பேரு கேட்டேன்,” என்றார்.

“சொன்னாவளா?”

“புருஷன் பேரை எந்தப் பொம்பளை வாய்விட்டுச் சொல்லுவா? தலையக் குனிஞ்சுகிட்டு நின்னா.”

“அப்புறம்?”

“மறியலுக்கு வராதவன் பேரை வரிசை முழுக்கக் கேக்கிற மாதிரி வாசிக்கணும். அப்படி ஒரு விதி இருந்துச்சு.”

“யாரு போட்டது?”

“நான்.”

“வாசிச்சியளா?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“வரிசையில எத்தனை பேரு?”

“முந்நூறு வீடு.”

அண்ணாவி மேற்கொண்டு கேட்கவில்லை. வாசிக்கச் சொல்லவும் இல்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, சாட்சிகளைப் போலக் கைகட்டிக்கொண்டாள்.

ஜெபமாலை தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

தங்கப்பழம் நோட்டை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. தொண்டையைச் செருமினார். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“மறியலுக்கு வராதவன், உலகநாதன் மகன் மந்திரமூர்த்தி.”