மில்வாக்கிக்குப் போன கடிதம்

“மூணு வருஷமா வாரேன் டீச்சர். இன்னும் ஒரு தபாலைக்கூட என் கையில குடுத்து அனுப்பலியே” என்றார் தவசிமுத்து.

செலின் கொரைரா தன் வீட்டு மேசையில் இருந்த ஆல்பத்தைப் புரட்டினார்.

தவசிமுத்துவுக்கு அறுபத்து நாலு வயது. அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செலினுக்கு நாற்பத்தொன்பது. அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. அவரை டீச்சர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் தவசிமுத்துதான்.

ஜெர்மன் நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே, நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் கப்பலில் போய்வந்த தபால்களைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து சேர்க்கிறவர்கள் இந்த இரண்டே பேர். ஊர் இவர்களைக் கண்டுகொண்டதில்லை. இவர்களும் ஊரைக் கண்டுகொண்டதில்லை.

செலினின் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர். ஒருமுறை ஜெர்மனியின் ப்ரேமன் துறைமுகத்தில் பழைய கடிதக் கட்டு ஒன்றை வாங்கி வந்து, இதிலே என்ன எழுதியிருக்கிறது சொல்லு பார்ப்போம் என்று விளையாட்டாகக் கேட்டார். செலின் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் படித்தார். அந்தக் காலத்துக் கோணல் கையெழுத்தைப் படித்தார். எந்த ஊர்த் தபால் குமாஸ்தா எந்த மையில் கட்டண எண் போடுவார் என்பது வரைக்கும் படித்துவிட்டார்.

அன்று அவர் ஆல்பத்திலிருந்து ஒரு கடிதத்தை உருவி மேசையில் வைத்தார்.

உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, முதுகில் விலாசம் எழுதியிருந்தது. யோஹன்னா என்கிற பெண் தன் அண்ணன் மத்தியாஸுக்கு, அமெரிக்காவில் இருக்கிற மில்வாக்கிக்கு எழுதியது. ப்ரேமன் முத்திரை குத்தியிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. தேதி தெரியவில்லை.

“கொண்டு போங்க அண்ணாச்சி. இது யார் யார் கை வழியாப் போச்சுன்னு ஒரு சீட்டு எழுதிட்டு வாங்க. ஒரு கையும் விடக்கூடாது.”

“வேற ஏதாவது செய்யணுமா டீச்சர்?”

“வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

தவசிமுத்து சந்தோஷத்தில் இருந்தார். அந்தக் கடைசி வார்த்தை அவர் காதோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். கறைதான் கண்ணில் பட்டது. முப்பத்தைந்து வருஷம் மருந்து கலந்த கை அது. கறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

எனாமல் தட்டில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கடிதத்தை மிதக்கவிட்டார். பிறகு வெளியே எடுத்து, பஞ்சில் பெராக்சைடு தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு காலை நேரத்தில் வேலை முடிந்தது. கறை போன இடம் தெரியவில்லை. முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தேதி பளிச்சென்று வந்தது: 1854, நவம்பர் 9.

நியூயார்க் முத்திரை ஏற்கெனவே தெளிவாக இருந்தது. மார்ச் 11.

ஆறு வாரத்தில் போய்ச் சேர வேண்டிய தபாலுக்கு நாலு மாதம் ஏன் ஆனது என்று அவருக்கு விளங்கவில்லை. குளிர்காலம், காற்று சரியில்லாமல் இருந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டார். டீச்சருக்கே தெரியாத தேதியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையில் அன்று சாப்பாடு ஒரு பிடி கூடுதலாக இறங்கியது.

தட்டை ஜன்னலோரம் வைத்தவர் அதை மறந்துபோனார். மூன்றாம் நாள் கழுவ எடுத்தபோது தண்ணீர் வற்றியிருந்தது. தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது.

காய்ச்சி வடித்த நீரில் படிவு இருக்காது. அது அவருக்குத் தெரியாததா?

விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

தவசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கடற்கரைக்காரர். அந்த ருசியை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கடிதம் கடலில் விழுந்திருக்கிறது. கப்பலுக்கு என்னமோ ஆகியிருக்கிறது. தபால் பையை யாரோ தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாலு மாதம் அதற்குத்தான். அதற்கு இருந்த ஒரே சாட்சியை அவர் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. டீச்சர் இனி வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு என்று இருந்தது அந்த மேசையும் அந்த ஆல்பங்களும்தான்.

உப்பைச் சுரண்டி, கம்பவுண்டர் பழக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது.

சீட்டில் கடலைப் பற்றி எழுதவில்லை. எழுதினால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

யோஹன்னா, கிராமத்துத் தபால்காரர், ப்ரேமன் குமாஸ்தா, கப்பல் தலைவன், நியூயார்க் குமாஸ்தா, மில்வாக்கி குமாஸ்தா, மத்தியாஸ். ஏழு பேர்.

செலின் கடிதத்தையும் சீட்டையும் வாங்கினார். பார்த்தார். பதினோரு வருஷமாகக் கையில் வைத்திருந்தவர் அந்தக் கறையை மறந்திருப்பார் என்று தவசிமுத்து நம்பினார். அப்படி நம்புவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

செலின் கறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டைப் படித்து, அதன் அடியில் விரலை வைத்தார்.

“ஒரு கை குறையுது.”

அடுத்த வாரம் தவசிமுத்து இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். ப்ரேமன் வரை வண்டி ஓட்டினவன், பையைக் கப்பலில் ஏற்றின கூலிக்காரன், மில்வாக்கிக்குக் கொண்டுபோன ரயில்காரன், வீட்டுக் கதவைத் தட்டினவன்.

“ஒரு கை குறையுது.”

அதற்கடுத்த வாரம் கடிதத்தை ப்ரேமனில் விற்ற கடைக்காரரையும், வாங்கின செலினின் கணவரையும், செலினையும் சேர்த்தார். சீட்டில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்.

செலின் பின்பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

“ஒரு கை குறையுது அண்ணாச்சி.”

தவசிமுத்து வீட்டுக்குப் போகவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். நின்றார். திரும்பி வந்து மேசையில் இருந்த பேனாவை எடுத்தார்.

இரண்டு வரி எழுதினார்.

கடலில் விழுந்த பையை வெளியே இழுத்தவர். பெயர் தெரியவில்லை.

கறையைக் கழுவியவன், தவசிமுத்து, தூத்துக்குடி.

சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தார்.

“தட்டுல மிஞ்சினது டீச்சர். உப்பு. பயந்துக்கிட்டு மறைச்சிட்டேன். இனி வரமாட்டேன்.”

செலின் பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு சீட்டைப் படித்தார். முதல் வரியில் இருந்த யோஹன்னாவிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பெயராக, கடைசிப் பெயர் வரைக்கும் வாய்விட்டுப் படித்தார்.

“நான் ஒரு கைதானே கேட்டேன்” என்றார். “ரெண்டு எழுதியிருக்கீங்க.”

செலின் பையை இழுத்தவரின் வரியில் விரலை வைத்தார்.

“பதினோரு வருஷமா அதை நான் காப்பிக் கறைன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

பொட்டலத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கடிதத்துக்குப் பக்கத்தில் ஆல்பத்தில் செருகினார். பிறகு வேறொரு பக்கத்தைத் திருப்பி, இன்னொரு கடிதத்தை உருவி அவர் முன்னால் வைத்தார்.

தவசிமுத்து அதைத் தொடவில்லை.

“டீச்சர், இதுலயும் கறை இருக்கு.”

“ஆமா அண்ணாச்சி. அதான் உங்ககிட்ட குடுக்கேன்.”